வாய்தா

வேலப்பனுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது.
ஒன்பது வருடமாக வரப்பு வழக்கு,
கொடைக்கானல் கோர்ட்டில்.
பூம்பாறையிலிருந்து போகிற காலை பஸ்ஸில்
அவர் முன்சீட்டு, நான் பின்சீட்டு.

ஆனால் ஊற்று ஒன்றுதான்.
சிமெண்டுத் தொட்டியில் முழங்கால் அளவு நீர்,
அதில் வாய் வைத்துக் கிடக்கும் இரண்டு கறுப்பு ஓஸ்.
ஒன்றை வெளியே இழுத்துப் போட்டால்
மற்றதற்கு இரட்டைத் தண்ணீர்.
இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்.

முதல் வருடம் அவர் இழுத்தார்.
மறுநாள் ராத்திரி டார்ச்சோடு போய் நான் இழுத்தேன்.
அதற்கு மறுநாள் அவர்.
இரண்டு காட்டிலும் பூண்டு
கோலிக்குண்டுக்கு மேல் திரளவில்லை.

ஒரு ராத்திரி உறைபனி இறங்கியது.
நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம்,
குளிரில் போகச் சோம்பல்.
விடிந்து பார்த்தால் அவரும் போகவில்லை.
அடுத்த ராத்திரியும் அப்படியே.
யாரும் யாரிடமும் சொல்லாத ஓர் ஒப்பந்தம்
அன்றிலிருந்து அந்த நீருக்குள் கிடக்கிறது.

மேல்காட்டை ஒருத்தன் குத்தகைக்கு எடுத்தான்,
கூடாரம் அடித்து டூரிஸ்ட்டுக்கு விட.
மூன்று மாதம். மோட்டாரை இறக்கி
அடிச்சேறு வரை உறிஞ்சினான்.
பேசப் போனேன். சிரித்தான், டீ கொடுத்தான்.
கெட்டவன் இல்லை.
அடுத்த பூண்டுக்கு இங்கே இருக்க மாட்டான்,
அவ்வளவுதான்.

போன தையில் என் ஓஸ் சேற்றில் கிடந்தது.
நான் அவருடையதை இழுத்தேன். அவர் என்னுடையதை.
பதினோரு நாள். தாள் நுனி மஞ்சளாகிவிட்டது.
பன்னிரண்டாம் நாள்தான் கண்ணில் பட்டது
தொட்டியோரம் காட்டுமாட்டின் குளம்பு, காய்ந்த சாணி.
தொடங்கியது அவரே இல்லை.
பேச்சில்லாதவரிடம் இதை எப்படிச் சொல்ல?
அவர் ஓஸை எடுத்து நீரில் விட்டு
மேலே ஒரு கல் வைத்தேன்.
அன்று ராத்திரியும் என்னுடையதை இழுத்துப் போட்டிருந்தார்.
பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.
அதற்கு மறுநாள்
என் ஓஸின் மேலும் ஒரு கல்.

இப்போது டீக்கடையில் சொல்கிறார்கள்,
வழக்கு முடிந்ததும் நிலத்தை
மதுரைப் பார்ட்டிக்கு விற்கிறாராம் வேலப்பன்.
அன்று முதல் ராத்திரிக்கு மூன்று தடவை டார்ச் எடுத்தேன்.
கல் அங்கேயேதான் இருந்தது.
விற்கப் போகிறவர் கடைசி நனைப்பில் என்ன செய்வார்?
அவர் இடத்தில் நான் இருந்தால்?
இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்ததால்
முருகன் சந்நிதியில் போய் நின்று
எதிராளிக்கு ஆயுள் கேட்டேன்,
மதுரைக்காரனுக்குப் பணமுடை கேட்டேன்.

நேற்று கோர்ட்டில் பெயர் கூப்பிட்டார்கள்.
ஜட்ஜ் லீவு.
செப்டம்பர் ஒன்பதுக்கு வாய்தா.
திரும்புகிற பஸ்ஸில் அதே முன்சீட்டு, அதே பின்சீட்டு.
காசை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை,
முன்னால் கை காட்டினார்.

அடுத்த வாய்தாவுக்கு
நான் எடுக்க வேண்டும்.