எட்டில் ஒரு பங்கு

கோப்பாயில், நொத்தாரிசு அம்பலவாணரின் கந்தோரில்
பரிபூரணம் தட்டச்சு அடித்த உறுதிகள் எல்லாம்
ஒரே வரியில்தான் முடியும்:
“கிணற்றில் எட்டில் ஒரு பங்கும்
வழி வாய்க்கால் உரித்தும்.”
தன் சீதன உறுதியையும் அவளே அடித்தாள்.
ஒரு பிழை. அழித்து, மேலே திரும்ப அடித்தாள்.

அன்றிரவு பழுதான முத்திரைத்தாளின் பின்புறம்
எட்டுத் தோட்டம், நடுவில் ஒரு வட்டம்.

தாயக்கட்டை வைக்கவில்லை.
“இறைக்கிறது நாங்கள், பிறகேன் கட்டையில பழி?”
சட்டி நிறையப் புளியங்கொட்டை.
மூடிய கையால் அள்ளவேண்டும்,
எவர் எவ்வளவு எடுத்தாரென்று எவருக்கும் தெரியாது.
பன்னிரண்டுக்குக் கீழே போனால் கிணறு உவர்க்கும்.
எட்டுத் தோட்டமும் கருகும்,
ஒரு வாளிகூட இறைக்காதவனுடையதும்.

சூசைப்பிள்ளையின் அச்சகத்தில் நீல மை முடிந்திருந்தது.
அதனால் அந்த விளையாட்டில் தண்ணீர் பச்சை.
இருநூறு பெட்டி.
கஸ்தூரியார் வீதிக் கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்து
“பிள்ளை, இதில ஆர் வெல்லுறது?” என்றார்.
அவள் அதை எழுத மறந்திருந்தாள்.
முப்பத்தொன்று விற்றது.

மிச்சம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது,
மின்சாரம் நின்று
ஜாம் போத்தலில் திரி எரியத் தொடங்கும்வரை.
பிறகு பெட்டி கேட்டு வந்தார்கள்.
காசு வாங்கவில்லை அவள்.
எந்த விதியில் சண்டை வந்தது,
அதை மட்டும் வந்து சொல்லச் சொன்னாள்.
அந்தக் கொப்பி இப்போது என்னிடம்.

ஒன்பதாம் விதியில்தான் கூடச் சண்டை:
உவர்த்த கிணற்றை விட்டு எழும்பலாமா?
உரும்பிராயில் எழும்பலாமாம்.
கரவெட்டியில் விடமாட்டார்கள்,
மாரி வரும்வரை இருந்தே ஆகவேண்டும்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி,
கொட்டுகிற மழைக்குள் வலிகாமமே எழும்பியது.
கொப்பியில் ஆறு பக்கம் வெறுமை.
ஏழாம் பக்கத்தில், வேறு பேனையால்:
“ஒன்பது. எழும்பலாம்.
பங்கு கிணற்றிலேயே இருக்கும்.”

போன கிழமை திருநெல்வேலிப் பெடியள்
கணினியில் புதிதாக வரைந்து அனுப்பினார்கள்.
தண்ணீர் நீலம். பச்சையாக்கச் சொல்லவேண்டும்.
இன்னொன்றும் கேட்டிருக்கிறார்கள்:
தாங்கள் ஏழு பேர்தானாம்,
எட்டாவது பங்குக்கு
ஆராவது இறைக்கலாமா என்று.

தேடிக்கொண்டிருக்கிறேன்.
அவளுடைய கையெழுத்து
பென்சிலில் வரும் இடங்களில் மங்கல்.