தரம் பார்த்தல்

பத்தொன்பது வருடம்
ப்ரூக்ஸ் இறைச்சி ஆலையில்
பன்னிரண்டாம் விலாவுக்கும் பதின்மூன்றாம் விலாவுக்கும் நடுவே
கத்தி இறக்கியவன் நான்.
வெட்டுவாயைத் திறந்து வைத்தால்
தரம் பார்ப்பவர் டார்ச்சோடு வருவார்.
சிவப்புக்குள் வெள்ளை எவ்வளவு ஓடியிருக்கிறது,
அதுதான் கணக்கு.
தூறல் மாதிரி மெல்லிசாய் ஓடியிருந்தால்
விலை ஏறும்.

அக்டோபரில், கல்கரியில்,
டாக்டர் ஃபெர்குசன் திரையை என் பக்கம் திருப்பினார்.
எனக்குப் பதின்மூன்றாம் விலா இல்லை.
மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பில்
கத்தியில்லாமல் வெட்டியிருந்தார்கள் என்னை.
வாய் தன்பாட்டில் சொன்னது:
"நல்ல மார்பிளிங்."
லோசனி என் காலை மிதித்தாள்.

தசைக்குள் கொழுப்பு இறங்கியிருக்கிறது என்றார்.
தசையே குறைவு என்றார்.
"எடை கூடியெல்லோ இருக்கு?"
போன மாதத்தைவிட ஒன்பது கிலோ.
அது தண்ணீர்.
ஊசி குத்திப் போத்தல் போத்தலாய் இறக்கியும்
வயிற்றில் திரும்ப ஊறிய அதே தண்ணீர்.
தராசுக்கென்ன தெரியும்
நான் எதைச் சுமக்கிறேன் என்று.
கோயிலில் கண்டவர்களும்
"கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கு, நல்லது" என்றார்கள்.
எவ்வளவு குடிப்பான் என்று கண்ணாலே கேட்டதும்
அவர்கள்தான்.
நான் குடித்தது தேத்தண்ணி.
மூன்று கரண்டி சீனி.

கழுத்து நாளத்தால் உள்ளே போய்
கல்லீரலுக்குள் ஒரு குழாய் வைக்கலாம்.
ரத்தம் குறுக்குப் பாதையால் போகும்.
தண்ணீர் வற்றும்.
"பிறகு?"
வடிகட்டாத ரத்தம் தலைக்கும் ஏறும்.
பெயர்கள் மாறிப்போகலாம். பகல் இரவாகலாம்.
கல்லீரல் கைவிட்ட அந்த வேலையில் கொஞ்சத்தைத்
தசை எடுத்துச் செய்யும்,
தசை இருந்தால்.
என்னைப் போன்றவர்களில்
ஒரு வருடம் கழித்து யார் யார் மிஞ்சினார்கள் என்று
எண்ணி வைத்திருக்கிறார்கள்.
அந்தத் தாளை மேசையில் வைத்தார்.
லோசனி அதன்மேல் தன் கைப்பையை வைத்தாள்.

பிறகு ஒரு இரும்புப் பிடியைத் தந்து
நெரிக்கச் சொன்னார்கள்.
கொக்கியில் தொங்கும் மாட்டின் பாதியை
ஒரு தள்ளில் திருப்பிய கை.
முள் பத்தொன்பதில் நின்றது.
வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

குழாய் வைத்தார்கள்.
தண்ணீர் போனது.
போன பிறகுதான் தெரிந்தது
மீதி நான் எவ்வளவு என்று.
குளியலறைக் கண்ணாடிக்குத் துவாய் போட்டு வைத்தேன்.

டிசம்பரில் ஒரு இரவு, மூன்று மணி.
உள்ளாடையோடு குசினியில் நின்று
என் சங்கிலிக் கையுறை எங்கே என்று
சத்தம் போட்டேனாம். இரண்டாம் ஷிஃப்டுக்கு நேரமாகிறதாம்.
அவள் அழவில்லை.
"இண்டைக்கு லைனை நிப்பாட்டிப் போட்டாங்கள்.
பாணியைக் குடிச்சிட்டுப் படுங்கோ."
அந்த இனிப்புப் பாணியை
அரைக் கரண்டி கூட்டி ஊற்றினாள்.
காலையில் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உணவு சொல்லிக்கொடுக்கும் மரிசெல் சொன்னாள்:
வெறும் வயிற்றோடு விடியவிடாதே,
உடம்பு தன்னைத்தானே வெட்டித் தின்னும்.
எங்கிருந்து தொடங்கும் என்று நான் கேட்கவில்லை.
நல்ல துண்டை யார்தான் கடைசிக்கு வைப்பார்கள்.

ஆகவே இரவு பத்து மணிக்கு
இரண்டு முட்டை, கடலை வெண்ணெய் பூசிய பாண்,
ஒரு கோப்பை பால்.
பசியில்லாமல் தின்பதும் ஒரு ஷிஃப்ட்தான்.

சனிக்கிழமை டெங் வருவான்.
ஆலையில் எனக்கு இடப்பக்கம் நின்றவன்.
சப்பாத்துப் பனியை வாசலில் தட்டிவிட்டு
கதிரையை நடுவில் இழுத்துப் போடுவான்.
கையூன்றாமல் எழும்ப வேண்டும், இருக்க வேண்டும்.
பத்துத் தரம்.
டிங்கா மொழியில் எண்ணுவான்.
எனக்கு இப்போது ஏழு வரை தெரியும்.

இன்று ஏழாவதில் உட்கார்ந்தவன்
இன்னும் எழும்பவில்லை.
துடை நடுங்குகிறது. நடுங்கட்டும்,
நடுங்க அங்கே ஏதோ இருக்கிறது.
டெங்
எட்டை வாயில் வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தபடி நிற்கிறான்.