பதினான்கு நாற்காலிகள்

அவள் பெயரின் முதல் எழுத்து
தொண்டையின் அடியில் பிறப்பது.
ஸ்வீடன் செவிலி காகிதத்தைப் பார்த்து
"காவோ" என்று கூப்பிடுவாள்.
இருபத்திரண்டு ஆண்டாக
அந்தக் காவோவும் எழுந்து வந்துகொண்டிருக்கிறாள்.

தமிழிலும் அதற்கு எழுத்தில்லை.
வேலை குறைந்து ஒதுங்கிக் கிடக்கும் ஆய்தத்தை
எடுத்து முன்னால் வைக்கிறேன்:
ஃஅவோ.
சரியில்லைதான்.
அடுப்பின் மூன்று கல் போல் நின்றுவிட்டுப் போகட்டும்.

பகலில் அவள் மொழிபெயர்ப்பாளர்,
கோத்தன்பர்க் மருத்துவமனையில், மணிக்கூலிக்கு.
நோயாளி "நான்" என்றால்
அவளும் "நான்" என்றே சொல்ல வேண்டும், அதுதான் விதி.
எனக்கு நெஞ்சு அடைக்கிறது.
எனக்கு ஐந்து பிள்ளைகள், இருவர் இல்லை.
நான் பனியில் வழுக்கி விழுந்தேன், யாரும் பார்க்கவில்லை.
ஒருமுறை, ஒரே காலையில்,
ஒன்பது மணிக்குக் கருவுற்று
பதினொன்றேகாலுக்கு விதவையானாள்.

வீடு யெல்போவில், ஆறாம் மாடி.
இரவில் எழுத உட்கார்ந்தால்
"நான்" தேய்ந்துபோயிருக்கும்,
பலர் கைபட்ட சோப்பு மாதிரி.

அதனால் வரைந்தாள்.
மருத்துவமனைக் கடிதங்களின் முதுகில்,
சாம்பிராணிச் சட்டியின் கரியைக் குழைத்து.
முகம் வராது.
முழங்கால்கள் வரும், காத்திருப்பவர்களின் முழங்கால்கள்.
ஒவ்வொன்றின் கீழும் சோமாலியில் ஒரு வரி.
கேட்டதை எழுதமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறாள்;
ஆகவே எழுதியதெல்லாம்
அவர்கள் பேசுமுன் இருமியது.
எண்பது பக்கப் புத்தகமானது அது. முந்நூறு படிகள்.
நூற்றுப்பத்து இன்னும் கட்டிலடியில்.

காட்சிக்கூடத்துப் பெண் கேட்டாள்:
ஒட்டகம்? கடல்?
போர், கொஞ்சமாவது?
அவள் பதினான்கு நாற்காலி கேட்டாள்.

மருத்துவமனை கழித்துப்போட்டவை, நீல ரெக்சின்,
ஒன்றில் ஏதோ பிள்ளை நகத்தால் பெரிதாக்கிய கிழிசல்.
சுவரில் எண் பலகை: நாற்பத்தேழு.
மாறாது.

இரண்டாம் நாள்
டாக்ஸி ஓட்டும் கூலேத் வந்தார்,
இரவுப் பணி முடித்து, ஈர பூட்ஸோடு.
நேரே ஏழாவதில் போய் உட்கார்ந்தார்.
காவலர் ஓடிவந்தார்: ஐயா, அது கலைப்பொருள்.
"என் எண் ஐம்பத்தொன்று" என்றார் கூலேத்,
"வரட்டும்."
கண்ணை மூடினார். தலை சாய்ந்தது.

காவலர் அவளைப் பார்த்தார்.
அவள் குனிந்து, பெயர்ச்சீட்டில்
பேனாவால் சேர்த்தாள்:
நாற்காலிகள் பதினான்கு, ஆள் ஒருவர்.

பிறகு எட்டாவதில் தானும் உட்கார்ந்தாள்.
குறட்டையை மொழிபெயர்க்கச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.