பதினாலு நம்பர்

மூன்று வீட்டுக்குச் சமைக்கிறேன் மயூர் விஹாரில்.
காலையில் ஒரு வீட்டில் பராத்தா,
பதினோரு மணிக்கு வங்காளிகளுக்கு மீன்,
சாயங்காலம் நம்ம ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு
உப்பில்லாத ரசம்.

என் மகள் சாப்பிடுவதில்லை.
சொன்னால் பிம்லா நம்பவில்லை.
பிடிவாதம், ரெண்டு நாள் பட்டினி போடு,
தானே தின்னும் என்றாள்.
கவுனைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன்.
துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு இறங்கிப் போனவள்
மறுநாள் காலித் தயிர் டப்பாக்கள் எட்டுக் கொண்டுவந்தாள்,
சிரிஞ்சுகளை ஊறப்போட.

மூன்று மணிக்கொரு தரம் நூற்றிருபது மில்லி.
ராகியும் பாசிப்பருப்பும் காய்ச்சி அரைத்து
ரெண்டு தரம் வடிகட்டியது.
ஒரு திப்பி போதும், அடைத்துக்கொள்ளும்.
சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு
வெறும் குடுவையாக என் நெற்றி உயரத்துக்குப் பிடிப்பேன்.
தானாக இறங்க வேண்டும். அழுத்தக் கூடாது.
அழுதால் மேலே ஏறிவரும்.
சிரித்தாலும்தான்.
ஜனவரியில் பாதி இறங்குவதற்குள் ஆறிவிடும் என்று
மீதி டம்ளரை அக்குளில் இடுக்கிக்கொள்வேன்.

நான் சாப்பிடுவது மாடிப்படியில், நின்றபடி.
அவள் பார்க்காமல்.
தாளிக்கிற வாசனைக்கு மட்டும்
எந்தக் கதவைச் சாத்துவது என்று தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை மூடுபனி.
எதிர்வீட்டு பல்பு மஞ்சள் கறையாகத் தெரிந்தது.
பெரியண்ணனுக்கு நொய்டாவில் இரவு டூட்டி.
இரண்டரை மணிக்குப் போர்வை ஈரம்.
மூத்திரம் என்று நினைத்தேன்.
புளித்த வாசனை அடித்தது.
குழாய் அவள் கையில்.
உள்ளே தங்கியிருந்த பலூன் கிழிந்து தொங்க
கிலுகிலுப்பை போல அதை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ரெண்டு மணி நேரத்தில் தூர்ந்துவிடும் என்று
ஆஸ்பத்திரியில் நர்ஸ் இந்தியில் சொன்னபோது
எனக்குப் புரிந்தது காதைப் பற்றி.
குத்தின காதில் ஈர்க்குச்சி செருகாமல் விட்டால்
கம்மலுக்கு மறுபடி அழ வேண்டும்.
உடம்புக்கு எந்த வாசல் எதற்கென்று தெரியாது,
திறந்ததையெல்லாம் மூடப் பார்க்கும்.

பீரோவில் பதினாலு நம்பர் ஒன்று மிச்சம்.
எப்போது பிரிந்ததோ, எவ்வளவு நேரம் ஆனதோ.
போனை அரிசி டின்மேல் சாய்த்து வெளிச்சம் வைத்தேன்.
குழாய்த் தண்ணீரில் கை மரத்துப்போனது.
முதல் தடவை வழுக்கியது.
ரெண்டாம் தடவை அவள் வீறிட்டு வயிறு பலகையானது.
அழாதே கனி என்றேன்.
அப்புறம், இல்லை, அழு என்றேன்.
எவ்வளவு அழுதாலும்
மூச்சு இழுக்க ஒரு கணம் நிறுத்தித்தானே ஆக வேண்டும்.
நிறுத்தினாள்.
போனது.

பலூனுக்கு ஐந்து மில்லி தண்ணீர்.
மெல்ல இழுத்துப் பார்த்தேன், நின்றது.
சிரிஞ்சால் உறிஞ்சியதில்
இரவுக் கஞ்சி கொஞ்சம் பழுப்பாக வந்தது.
அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவள்
திரிலோக்புரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம் பசித்தது, அசிங்கமாகப் பசித்தது.
அந்தக் குளிரில் படிக்குப் போகத் தெம்பில்லை.
தட்டில் பழையதும் எலுமிச்சை ஊறுகாயும் போட்டுக்கொண்டு
அவள் பாயிலேயே உட்கார்ந்தேன்.
முதுகைத் திருப்பவில்லை.

கன்னத்தில் காயாத கண்ணீரோடு பார்த்தாள்.
என் தாடை அசைந்தால் அவள் தாடையும் அசைந்தது.
நான் விழுங்கியதும் நிறுத்தினாள்.
அடுத்த வாய்க்குக் காத்திருந்தாள்.
ஊறுகாயை நக்கிவிட்டுக்
காரமா என்று கேட்டேன்.

உஸ்ஸென்று மூச்சை இழுத்து
நாக்கை நீட்டிக் காட்டினாள்.