சுற்றளவு

அல்சூர் ஏரிக்கரையை விட்டு உள்ளே வரும்
மூன்றாவது குறுக்குத் தெரு முனையில்
இன்றைய நாற்பத்தோராவது மரம்.

படிவம் கேட்கிறது: இனம்.
மளெ மர, என்றாள் பூக்கூடை முனிலக்ஷ்மம்மா.
மழை மரம் என்று எழுதினேன்.
நாக்கை ஒரு மடிப்பு கூடுதலாக மடித்தேன், அவ்வளவுதான்.
சாவி போடும் நயாஸுக்கு அது விலாசம்.
கடை எங்கே என்றால் மரத்தைச் சொல்வார்,
மரம் எங்கே என்றால் தன்னைச் சொல்வார்.

சுற்றளவு, மார்பு உயரத்தில்.
யாருடைய மார்பு என்று பயிற்சியில் நான் கேட்கவில்லை.
நான் குள்ளம். மரத்துக்கு அது கணுக்கால்.
ஐந்து மீட்டர் டேப்
அதன் முதுகுப் பக்கம் போய் நின்றுவிட்டது.
நயாஸ் தார்பாய்க் கயிறு ஒன்றை அவிழ்த்துத் தந்தார்.
ஆட்டோ தன்சிங் ஒரு முனையைப் பிடிக்க
மறுமுனையோடு சுற்றி வந்தேன்,
பட்டையைத் தடவிக்கொண்டே.

பழைய கணக்கெடுப்பின் தகர வில்லை:
ஒரு 1, பிறகு பட்டை, பிறகு ஒரு 7.
அதற்கும் முந்தையதின் ஆணித்தலை மட்டும்.
தெருவிளக்கு மாட்டியிருந்த இரும்புக் கை
மணிக்கட்டு வரை உள்ளே.
நீல எனாமல் பலகை ஒன்றின் விளிம்பு,
எழுத்துகள் போய்விட்டன.
எந்த மொழியாக இருந்தது?
பலகைகளின் மேல் தார் பூசிப் பார்த்த ஊர் இது.
மரம் பாரபட்சமில்லாமல் மென்றிருக்கிறது.

வயது.
வெள்ளைக்காரன் இதில்தான் குதிரை கட்டினான், என்றார் தன்சிங்.
பொய், கட்டியது கழுதை, என்றார் நயாஸ்.
கோடு போட்டேன்.

எதிர் அபார்ட்மென்ட் செயலாளர் ஸ்ரீபாத ராவ்
எவர்சில்வர் டம்ளரோடு வந்தார்.
'ஆபத்தானது'ன்னு ஒரு டிக், மேடம்.
காரெல்லாம் பிசுபிசுப்பு.
கெட்டவர் என்று சொல்ல முடியாது.
போன மே மாதக் காற்றில் முறிந்த கிளை
அவர் மகளின் ஸ்கூட்டிக்குப் பத்தடி தள்ளி விழுந்தது.
காபியில் சிகோரி குறைவு. முழுவதும் குடித்தேன்.
ஆம் / இல்லை.
நடுவிலிருந்த சாய்கோட்டின் மேல்
பொடி எழுத்தில் எழுதினேன்:
வடகிழக்குக் கிளை ஒன்று. மரம் அல்ல.
மேலதிகாரி திட்டுவார். திட்டட்டும்.

கடைசியாகப் புது வில்லை.
முழுசா அடிக்காதே, என்றார் நயாஸ்,
அது பெருக்க இடம் விடு.
இரண்டு விரல் அளவு ஆணி வெளியே நின்றது.
இரண்டு விரல் என்பது எத்தனை வருஷம்?
அதற்குக் கட்டம் இல்லை.
மேலே இலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
மூடத் தொடங்கியிருந்தன.
முனிலக்ஷ்மம்மா மிச்சக் கனகாம்பரத்தை
பாதி விலைக்குக் கூவினாள்.

கயிற்றைத் திருப்பிக் கொடுத்தேன்.
வச்சுக்கோ, என்றார்,
மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.

ஜோகுபாளையத்தில் என் வாடகை அறை.
ஜன்னல் கம்பியில் கட்டி, கதவுக் கொக்கிக்கு இழுத்து,
மறுபடி ஜன்னலுக்கு.
நான் போட்ட முடிச்சு சரியாகக் கம்பியில் வந்து நின்றது.
ஆறு மீட்டர் முப்பது.

துவைத்துப் போட்டேன்.
அதன் இடுப்பளவில்
சீருடைச் சட்டை இரண்டு, ஒரு துப்பட்டா,
இரவு முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கின்றன.