சரக்குச் சீட்டு

இருநூற்று அறுபத்தெட்டுப் பெட்டிகள்.
எஞ்சின் நடுநிசியைத் தாண்டும்போது
கடைசிப் பெட்டி இன்னும் நேற்றில் இருக்கும்
என்பாள் டெல்வீன்.
நியூமனிலிருந்து ஹெட்லண்ட் துறைமுகம்வரை
இரவு முழுக்க நாங்கள் இழுத்துப்போவது
இரும்புத்தாது என்கிறது சீட்டு.

துரு என்றே எழுதியிருக்கலாம்.

காற்றில் ஆக்சிஜன் ஒரு சிட்டிகைகூட இல்லாத நாளில்
கடலில் இரும்பு உப்பைப்போலக் கரைந்து கிடந்தது.
மேலே மீத்தேன் மங்கல், கந்தகம்.
முகர மூக்கில்லாத உலகில்
அதை வாடை என்றும் சொல்லக்கூடாது.
பிறகு ஏதோ ஒன்று,
பாசி என்று அழைக்கவும் தகுதியில்லாத ஒரு வழவழப்பு,
வெயிலைத் தின்னக் கற்று
வேண்டாததை வெளியே விட்டது.

அந்த வேண்டாதது
நேரே காற்றுக்குப் போகவில்லை.
இரும்பு விடவில்லை.
குமிழி குமிழியாய்ப் பிடித்துச் சிவந்து
கடலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
ஒரு வரி சிவப்பு, ஒரு வரி கறுப்பு,
மறுபடி சிவப்பு.
இரும்பு தீர்ந்து மிச்சம் மேலேறியபோது
அது முக்கால்வாசிப் பேருக்கு நஞ்சு.
சேற்றுக்குள் ஓடி ஒளிந்தவற்றின் வாரிசுகள்
நம் குடலில் இன்னும் குடியிருக்கின்றன,
வெளியே வர மனமில்லாமல்.

ஹெட்லண்டில் டெல்வீனின் அப்பா வெர்னன்.
பதினேழு வயதில் நீலக் கல்நார் மூட்டை தைத்தவர்.
கட்டிலோரம் உறுமும் இயந்திரம்
நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் தருகிறது.
மின்சாரம் போனால் உருளை,
நான்கு மணி நேரம்.

"தாதுல பத்துக்கு மூணு பங்கு எடை ஆக்சிஜன்தான், தெரியுமா?
ஒன்பதாயிரம் டன் என் பின்னாடி வருது.
ஒரு இழுப்பு குடுக்க முடியல அந்த மனுஷனுக்கு."
சொல்லிவிட்டு ஹாரனை அழுத்தினாள்.
தண்டவாளத்தில் கங்காரு எதுவும் இல்லை.

கப்பல் வடக்கே போகும்.
உலையில் நிலக்கரி சேரும்.
இருநூற்றைம்பது கோடி ஆண்டு இறுக்கிய பிடியை
இரும்பு அங்கே தளர்த்தும்.
தளர்ந்தது தனியே வராது.
கரியின் கைபிடித்துக்கொண்டு
புகைபோக்கி ஏறி
தான் பார்த்தேயிராத நீல வானத்துக்குள் நுழையும்.

ஐந்தே முக்கால்.
யார்டில் இறங்கி மூக்கைச் சிந்துகிறாள்.
கைக்குட்டையில் சிவப்பு.
இரத்தமில்லையே என்று
விளக்கடியில் பிடித்து
ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.