இரண்டு நூல்

பெட்டியின் மேல் என் வேனின் பெயர்
எழுத்துப் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது.
சிகாமாட் கடைக்கார சியாவ்
பழைய ஆல்டர்னேட்டரையும் புதியதையும்
ஆளுக்கொரு கையில் தூக்கி எடை பார்த்து
"சாமா லா" என்றார்.
நானூற்று இருபது வெள்ளி.
ஆறு பிள்ளைகளின் ஜூலை மாதம்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
லாபிஸ் வருவதற்குள் தொடை மரத்துப்போயிருந்தது.

வேனெட்டுக்கு எஞ்சின் சீட்டுக்குக் கீழே.
பதினோரு வருடமாய் அதன் சூட்டின் மேல்தான்
உட்கார்ந்து பிழைக்கிறேன்.
சீட்டைக் கழற்றிச் சாலையோரம் வைத்ததும்
ஒரு பூனை வந்து படுத்துக்கொண்டது.
மழை வரும்போல் இருந்தது.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
ஆலைக்குப் போகும் நேரம்;
ஒவ்வொன்றும் கடக்கும்போது
ஸ்பேனர்கள் தட்டில் நடுங்கின.

புதியதன் புல்லியில் ஐந்து கோடுகள்.
என் பெல்ட்டுக்குத் தெரிந்தது ஒரே பள்ளம்.
சரி, பழைய புல்லியை மாற்றிக்கொள்ளலாம்.
பிளக்கில் மூன்று துளை, வண்டியில் இரண்டு முள்.
சரி, வெட்டி ஒட்டலாம்.
நான் எத்தனை 'சரி' சொல்லுவேன் என்று
அதுவும் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழ்ப் போல்ட் ஏறியது.
மேல் போல்ட் ஏறியது.
பெல்ட்டைப் போட்டு எட்டிப் பார்த்தால்
கிராங்கிலிருந்து நேராக வரவேண்டியது
கோணிக்கொண்டு வருகிறது.
புல்லி உள்ளே தள்ளி நிற்கிறது.
எவ்வளவு?
அளவுகோல் மூத்தவளின் பள்ளிப்பையில்,
பை வீட்டில்.
இடைவெளியில் இருபது காசு ஒன்று செருகினேன்.
இன்னொன்று.
இன்னொன்று.
இன்னும் ஆடியது.
சிகரெட் அட்டையைக் கிழித்து இரண்டாய் மடித்து
ஓரத்தில் இறக்கியதும் இறுகியது.
இரண்டு நூல் இருக்கும்.
சாமா என்ற சொல்லுக்குள்
இத்தனை இடம் காலியாக இருந்திருக்கிறது.

காசும் அட்டையும் உள்ளங்கையில் அப்படியே
ரோஸ்லானின் வெல்டிங் கடைக்குப் போனேன்.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.
நீட்டிய கையைப் பார்த்து
"அறுபது காசா? வேலைக்கா?"
அவர் சிரிக்க, எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.
அளவு என்றதும் சிரிப்பை நிறுத்தி
விளையாட்டுத் திடலில் உடைந்த ஊஞ்சலின் குழாயில்
ஒரு துண்டு அறுத்தார்.
ஓரத்தை அரத்தால் தேய்த்தார்.
காசுகளோடு சேர்த்து விளக்கில் பிடித்துப் பார்த்து
இன்னும் இரண்டு இழுப்பு.
பழைய புல்லியையும் துப்பாக்கியை வைத்து
ஒரு நொடியில் கழற்றிக் கொடுத்தார்.
காசை வாங்கவில்லை,
"அது உன் அளவுகோல்" என்றார்.

மழை பிடித்துவிட்டது.
கைப்பேசி வெளிச்சத்தைப் பல்லில் கடித்தபடி
குழாய்த் துண்டைச் செருகி
தலை வேனுக்குள், முதுகு மழைக்குள்.
பெல்ட் நேரானது.
ஒயர்களை ஒட்டி நாடா சுற்றினேன்.
சாவியைத் திருப்பியதும்
சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது,
எஞ்சின் பிடித்தது,
விளக்கு அணைந்தது.
மீட்டரில் பதினான்கு புள்ளி ஒன்று.
யாருக்காவது சொல்ல வேண்டும்போலிருந்தது.
பூனை எப்போதோ எழுந்து போயிருந்தது.

காலை ஐந்து நாற்பது.
மூன்றாம் லயத்து வாசலில் முதல் பிள்ளை, துஷ்யந்தி,
கொட்டாவியை முடிக்காமலே ஏறினாள்.
"ஆண்டி, சீட்டு ஈரமாயிருக்கு."
"ஆமாம்."
"லைட்டு கண்ணைக் கூசுது."
"ஆமாம்."

பால்மரத்து வளைவில் வேன் குலுங்கியபோது
சாம்பல்தட்டில் ஒரு சத்தம்.
மூன்று இருபது காசும்
எங்கிருந்து கழற்றினேனென்று நினைவில்லாத
ஒரு போல்ட்டும்.